நோயாளி பார்க்கப் போன குற்றம்

அடிபட்டுக் கிடந்தவனைப் பார்க்கப் போனதுதான் குற்றத்துக்குச் சாட்சி என்று ஓர் ஊரில் தீர்த்தார்கள். ஹெல்லர்பெக் என்பது அந்த ஊரின் பெயர். டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் ஐம்பது நிமிடம், மலை தொடங்குகிற இடம். இரும்புப் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடி, பாதி ஊர் வேலையில்லாமல் பியர்க் கடைகளில் குந்தியிருந்த காலம். அங்கே நான் ஒன்பது வருடம் பியர்ப்பெட்டி தூக்கினேன். தொண்ணூற்றாறில் நடந்ததை நினைத்து இன்றைக்கும் நடுச்சாமத்தில் எழும்பி உட்காருகிறேன். வயது போய்விட்டது, அதுதான் நித்திரை இல்லை என்கிறாள் மனைவி. அவளுக்கு என்ன தெரியும்.

அந்த ஊருக்கு மிஞ்சியிருந்த ஒரே பெருமை ஐஸ் ஹொக்கி. காட்டுப்பன்றிகள் என்று குழுவுக்குப் பெயர், சட்டை நெஞ்சில் பன்றித் தலை. பெரிய லீக் என்று நினைக்க வேண்டாம். மேலே இரண்டு மூன்று தட்டு இருக்கிறது, அதற்குக் கீழே இந்த மண்டல லீக். ஆடுகிறவர்கள் கிழமை நாட்களில் கூரை போடுவார்கள், லொறி ஓட்டுவார்கள், இறைச்சி வெட்டுவார்கள். வெள்ளியும் ஞாயிறும் சப்பாத்தில் கத்தி கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் மோதுவார்கள். ஆட்டத்துக்குக் கொஞ்சக் காசும் பெட்ரோல் செலவும் கிடைக்கும். மரந்தறிக்கிறவர்களின் லீக் என்று மற்ற ஊர்க்காரர் பழித்தார்கள். இவர்களுக்கு அதில் வெட்கம் கிடையாது, டிக்கெட் விற்றதே அதற்காகத்தான். பல்லுத் தெறித்தால் சனம் எழும்பி நின்று கை தட்டும். ஆட்டம் முடிந்ததும் அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே பெட்டியிலிருந்து பியர் எடுத்துக் குடிப்பார்கள். அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் வைப்பது என் வேலை.

குழுவை நடத்துகிற சங்கத்தின் தலைவர் ப்ரோக்மான்தான் என் முதலாளி. ஊர் முழுக்கப் பியரும் சோடாவும் மொத்தமாகப் போடுகிறவர். ஐஸ் மண்டபத்தையும் அவருடைய சங்கமே நகரசபையிடம் குத்தகைக்கு எடுத்து நடத்தியது. அம்புறோசை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டது நான்.

அம்புறோஸ் மன்னார் பேசாலைக்காரன். என்னைவிடப் பத்து வயது இளையவன். எண்பத்தெட்டில் கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் இறங்கி, மேற்குப் பக்கம் கடந்து, அடுத்த வருடம் மனைவி யோசப்பினையும் எடுப்பித்து, பிறகு எங்கள் கட்டிடத்தில் எனக்குக் கீழ் மாடிக்கு வந்தான். பிறின்சி என்று ஒரு மகள், இரண்டாம் வகுப்பு. முதல் நாள் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனபோது சுற்றிப் பார்த்துவிட்டு, "குணமண்ணை, கடலைக் கொண்டுவந்து உள்ளுக்கை விறைக்கப் போட்டிருக்கிறாங்கள்" என்றான்.

அந்த வேலையை அவன் பிடித்துக்கொண்ட விதத்தை நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிறகு அவனைக் கவனமில்லாதவன் என்று எழுதினார்கள். ஐஸ் என்றால் தண்ணீரை ஊற்றிவிட்டு உறையட்டும் என்று விடுவதல்ல. சுடுதண்ணீரை மெல்லிய படலமாக விடவேண்டும், ஒன்று இறுகிய பிறகு அடுத்தது. பச்சைத்தண்ணீர் விட்டால் உள்ளே காற்று நின்று, கத்தி பட்டதும் பொருக்கு வெடிக்கும். இதெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, பழைய ஜெர்மன்காரன் செய்வதைப் பார்த்துப் பிடித்தான். இடைவேளை பதினைந்து நிமிடம். அதற்குள் ஐஸ் சீவுகிற வண்டி போன்ற மெஷினை வட்டமாக ஓட்டி, மேலே சீவி, தண்ணீர் விட்டு முடிக்கவேண்டும். ரத்தம் சிந்திய இடத்தை மெஷின் எடுக்காது. முழங்காலில் இருந்து உளியால் கொத்தி எடுத்து, ஐஸ்தூளை அடைத்து, கையால் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் தடவி மட்டமாக்குவான். ஓர் ஆட்டத்துக்கு நாலைந்து இடம் அப்படி இருக்கும். கை விரல் நுனியெல்லாம் செத்த தோல். யோசப்பின் நல்லெண்ணெய் பூசிவிடுவாள்.

அவர்களுடைய அகதி வழக்கு இரண்டு தடவையும் தோற்றுப்போயிருந்தது. டூல்டுங் என்ற கடதாசியில் இருந்தார்கள். திருப்பி அனுப்பாமல் பொறுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அதற்கு அர்த்தம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் நிற்க வேண்டும். அந்த வருடம் ஒரு புதுக்கதை வந்தது. கனகாலம் இருக்கிற, பிள்ளை உள்ள குடும்பங்களுக்கு, சொந்த உழைப்பில் சீவிக்கிறார்கள் என்றால் ஒழுங்கான விசா கொடுக்கப் போகிறார்கள். அவர்களுக்கான அந்தறாக்கை, அதாவது விண்ணப்பத்தை, நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். மிச்சம் ஒன்றே ஒன்று: வேலை தொடரும் என்று முதலாளியின் கடிதம். டிசம்பர் பதினைந்துக்குள் கொடுக்கவேண்டும். வேலை அனுமதியோ மண்டபத்தின் பெயரில், வேறு எங்கேயும் போய் நிற்க ஏலாது. அந்த வேலை போனால் எல்லாம் போகும்.

நவம்பரில், மரித்தவர் திருநாள் கழிந்த ஞாயிறு, பின்னேர ஆட்டம். ப்ரூக்ஹாகன் என்ற ஊர்க்குழு வந்திருந்தது. முந்தின வருடம் இந்த இரண்டு குழுவும் வாங்குகளில் ஒருவரும் மிஞ்சாமல் களத்தில் இறங்கி அடிபட்டு, லீக்கிடம் கடைசி எச்சரிக்கை வாங்கியிருந்தன. இன்னொரு முறை நடந்தால் பத்துப் புள்ளி வெட்டு, மிச்ச ஆட்டமெல்லாம் சனமில்லாத மண்டபத்தில். சனமில்லாவிட்டால் பியர் எங்கே விற்பது? ப்ரோக்மான் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான்.

ஆட்டம் நாலுக்கு நாலில் முடிந்தது. நடுவர்கள் தங்கள் கதவால் போய்விட்டார்கள். இரண்டு குழுவும் உடுப்பு மாற்றும் அறைக்குப் போவது ஒரே ஒழுங்கையால். காலில் கட்டிய கத்தி மழுங்காமலும் சறுக்காமலும் இருக்க அதில் நீளத்துக்கு ரப்பர் விரிப்புப் போட்டிருக்கும். போடுவது அம்புறோசின் வேலை, அன்றும் போட்டிருந்தான். நான் அதன்மேல்தான் பியர்ப்பெட்டிகளோடு சுவரை ஒட்டி நின்றேன். அம்புறோஸ் மெஷினில் ஏறி உட்கார்ந்து, களம் காலியாகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தான். மெஷின் இருக்கை நல்ல உயரம். திறந்திருந்த கதவுக்கூடாக ஒழுங்கை முழுவதும் அவனுக்குத் தெரியும்.

ப்ரூக்ஹாகன் குழுவின் ஊவே என்பவன், ஆறடிக்கு மேல், தலைக்கவசத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து வந்தான். பின்னால் எங்கள் குழுவின் கப்டன் ரால்ஃப். ப்ரோக்மானின் தங்கை மகன். ரால்ஃப் ஏதோ சொன்னான். ஊவே திரும்பாமலே சிரித்தான். அவ்வளவுதான். ரால்ஃப் மட்டையை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் வீசினான். தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. ஊவே என் காலடியில் விழுந்தான்.

நான் பார்த்தேன். இரண்டு முழத் தூரத்தில் நின்று பார்த்தேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பிறகு ப்ரூக்ஹாகன்காரரும் மட்டையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தார்கள். இரண்டு பக்கத்தையும் அறைகளுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். ப்ரோக்மான் ஓடி வந்தார். ரத்தத்தைப் பார்த்தார், ரால்ஃபைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெட்டியை உள்ளே வை, குணா" என்றார். வைத்தேன். அம்புறோசைக் கூப்பிட்டு, விரிப்பு அசிங்கமாகிவிட்டது, சுருட்டிக்கொண்டுபோய்க் கழுவு என்றார். அவன் சுருட்டினான். அம்புலன்ஸ்காரர் வந்தபோது ஈரச் சீமெந்தும் அதில் கிடந்த ஆளும்தான் மிச்சம். சறுக்கி விழுந்துவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. ஊவேயின் சொந்தக் குழுக்காரரும் சொல்லவில்லை. அவர்களுக்கும் அதே எச்சரிக்கை, அடிபாடு என்றால் காப்புறுதியும் காசு கட்டாது. இரண்டு சங்கத் தலைவர்மாரும் அன்றே தொலைபேசியில் பேசி முடித்துக்கொண்டார்கள். வேலிக்கு ஓணான் சாட்சி.

புதன்கிழமை பாமா அக்கா வந்தா. ஊர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை அவவுக்கு. யோசப்பினின் குசினியில் நானும் அம்புறோசும் தேத்தண்ணியோடு இருந்தோம்.

"உங்கட மண்டபத்திலை விழுந்த பெடியன் எங்கட மூண்டாம் மாடியிலைதான் கிடக்கிறான், தங்கச்சி. தாடை ரெண்டு இடத்திலை முறிவு. வாயைக் கம்பியாலை கட்டிக் கிடக்கு. குழாயாலை உறிஞ்சத்தான் ஏலும்."

"ஆர் பாக்கினம்?" என்று கேட்டாள் யோசப்பின்.

"ஆர் பாக்கிறது? நாலு நாளாய் ஒரு குஞ்சும் எட்டிப் பாக்கேல்லை. தாய் செத்துப்போச்சாம், பெண்டில் விட்டுட்டுப் போயிட்டாளாம். ஆசுப்பத்திரிச் சூப்பைக் குடுத்தால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறான். பாத்தால் பாவமாக் கிடக்கு."

யோசப்பின் கணவனைப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, நீங்கள் வேலை செய்யிற இடத்திலை விழுந்த ஆள். நாலு நாளாச்சு. நாங்கள் இன்னும் போகாமல் இருக்கிறமே?"

"நானும் அதைத்தான் யோசிச்சனான்" என்றான் அம்புறோஸ்.

"பேந்தென்ன? வெறுங்கையோடை போகப்படாது. நான் சூப் வைக்கிறன்."

துருக்கிக்காரன் கடையில் ஆட்டெலும்பு வாங்கி, மிளகும் சீரகமும் உள்ளியும் தட்டிப்போட்டு, மூன்று மணித்தியாலம் அவித்தாள். குழாயில் அடைக்கக்கூடாது என்று மெல்லிய துணியால் இரண்டு தரம் வடித்தாள். சுடுதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி மூடி, துவாயால் சுற்றிக் கொடுத்தாள். நான் காரில் கொண்டுபோய் இறக்கினேன். உள்ளே போகவில்லை, கார் நிறுத்த இடமில்லை என்று சொன்னேன். இடம் இருந்தது. அந்த மனிதனின் முகத்தைப் பார்க்க எனக்கு முகமில்லை.

அம்புறோஸ் திரும்பி வந்து சொன்னதுதான் எனக்குத் தெரியும். ஊவே முதலில் யாரோ என்று முழித்திருக்கிறான். ஒரு வாய் உறிஞ்சியதும் கண்ணை மூடி, போத்தலை அடிவரைக்கும் குடித்து முடித்தானாம். பக்கத்தில் கிடந்த கொப்பியில் எழுதிக் காட்டினானாம்: உறைப்பு. நாளைக்கும் வருமா?

"இவ்வளவு பெரிய ஆள், அண்ணை. குழந்தைப் பிள்ளை மாதிரி உறிஞ்சிறான். எனக்கு அழுகை வந்திட்டுது. கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

"நடந்ததைச் சொன்னீரோ?"

"எனக்கு என்ன நடந்தது எண்டு எழுதிக் கேட்டவன். அவனுக்கு ஒண்டும் நினைவில்லை. படுக்கையிலை கிடக்கிற ஆளுக்கு உதையெல்லாம் சொல்லி, ஏன் மனத்தை நோகப் பண்ணுவான்? சுகமாகட்டும் எண்டு நெத்தியிலை சிலுவை போட்டுவிட்டு வந்திட்டன்."

நாலு நாள் போனான். மூன்றாம் நாள் சங்கத்தின் காரியதரிசி காப்புறுதிக் கடதாசியோடு அங்கே வந்திருக்கிறார். கதவைத் திறந்தவர் கண்டது, கட்டில் விளிம்பில் இருந்து ஊவேயின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைக்கிற அம்புறோசை. கதவடியிலேயே திரும்பிப் போய்விட்டாராம். கூச்சப்பட்டுப் போகிறார் என்று அம்புறோஸ் நினைத்திருக்கிறான்.

திங்கட்கிழமை ப்ரோக்மான் என்னைக் கிடங்கிலிருந்து கூப்பிட்டு ஒரு தாளைக் கையில் தந்தார். மூன்றே வரி. அம்புறோஸ் ஆகிய நான் அன்று ஒழுங்கையில் விரிப்புப் போட மறந்துவிட்டேன். அதனால் ஆட்டக்காரர் சறுக்கி விழுந்தார். என் தவறை உணர்ந்து ஆஸ்பத்திரியில் அவரை நேரில் கண்டு வருத்தம் தெரிவித்தேன்.

"உன் ஆளுக்கு இதை விளங்கப்படுத்து" என்றார். "கையெழுத்து வைத்தால் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு சரி. விசாக் கடிதமும் உடனே தருவேன். வைக்காவிட்டால் கவனக்குறைவு என்று நிறுத்த வேண்டிவரும். அவன் ஆஸ்பத்திரியில் அழுததற்குச் சாட்சி இருக்கிறது."

வெளியே மழையும் பனியும் கலந்து கொட்டியது. நடந்து வரும்போது அந்தத் தாளை நனையாமல் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். அதை நனைய விட்டிருக்கவேண்டும்.

குசினியில் மீன்குழம்பும் பாணும். நான் வாசித்துச் சொல்லி முடிக்குமட்டும் யோசப்பின் அகப்பையைக் கையில் பிடித்தபடியே நின்றாள்.

"திரும்பச் சொல்லுங்கோ அண்ணை, அந்தக் கடைசி வரியை."

சொன்னேன்.

"நான் வைச்ச சூப்பை எழுதியிருக்கிறாங்களே? நோயாளி பாக்கப் போனதையோ?"

"அவையிட ஊர்வழக்கு வேறை, தங்கச்சி. இஞ்சை சொந்தக்காரன்தான் போவான். இல்லாட்டிப் பிழை செய்தவன் பூவோடை போவான். மற்ற ஒருத்தரும் போறேல்லை. அதாலை அவங்கள் அப்பிடி எடுத்திட்டாங்கள்."

"தெரியாமல் எடுத்திட்டாங்களோ, வேணுமெண்டு எடுத்தாங்களோ? அடிச்சவன் போனவனோ பாக்க? அவன்ரை மாமன் போனவனோ? போனவன் கள்ளன், போகாதவன் நல்லவன். நல்ல தேசமப்பா இது."

அம்புறோஸ் பாணைப் பிய்த்துக்கொண்டிருந்தான். நான் தொண்டையைச் செருமினேன். இனி நான் சொன்னதையும் அப்படியே எழுதவேண்டும்.

"அம்புறோசு, நான் சொல்லுறதைக் கேளும். மூண்டு வரிதானே. மறந்திட்டன் எண்டு எழுதினால் பொலிசு பிடிக்கப் போறேல்லை. டிசம்பர் பதினைஞ்சுக்கு முன்னம் கடிதம் கிடைக்கும். விசா கையிலை வந்தாப்பிறகு வேறை வேலை தேடலாம். உவங்களோடை மல்லுக்கட்டி என்ன காணப்போறீர்? கையெழுத்தை வையும்."

யோசப்பின் அகப்பையைச் சட்டிக்குள் போட்டாள். குழம்பு தெறித்தது.

"என்ரை தம்பி டக்ளஸும் ஒரு கையெழுத்துத்தான் வைச்சவன், அண்ணை. உங்களுக்குத் தெரியும். ஆமிக் காம்பிலை சிங்களத்திலை எழுதி நீட்டினவங்கள். வைச்சால் வீட்டை விடுறம் எண்டவங்கள். ஒரு பேப்பர்தானே எண்டு அங்கையும் ஒரு பெரிய மனிசன் சொன்னவர். ஆறு வருசம், அண்ணை. இன்னும் உள்ளுக்கை கிடக்கிறான். அந்தக் கையெழுத்தைத்தான் கோட்டிலை தூக்கித் தூக்கிக் காட்டுறாங்கள்."

"இது அந்தமாதிரி இல்லை, தங்கச்சி."

"எந்தமாதிரி இல்லை? செய்யாததைச் செய்தன் எண்டு எழுதிறது எந்த ஊரிலையும் ஒண்டுதான். உப்பிடிக் கையெழுத்து வைச்சு வாற விசாவிலை என்ரை பிள்ளை இருக்கத் தேவையில்லை."

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்கை போகப்போறியள்? சொல்லுங்கோ பாப்பம்!" என்று நானும் சத்தம் போட்டேன். எனக்குக் கோபம். அவள் சரியாகப் பேசுகிறாளே என்றுதான் கோபம்.

அவள் கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அண்ணை, ஆயிரம் சனம் நிண்ட இடம். இவர் மட்டுமே கண்டவர்? இவருக்குச் சாட்சி சொல்ல வேறை ஒரு மனிசரும் காணேல்லையோ? நீங்கள் விசாரிச்சுப் பாக்கேலாதோ?"

நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தேன். என் மனைவி சிவகௌரியும் மகளும் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒன்றரை வருடமாகக் காத்திருந்தார்கள். அவர்களை எடுப்பிக்கும் கோப்பு தூதராலயத்தில். அதில் மாதாமாதம் ப்ரோக்மானின் சம்பளத் துண்டை நான் சேர்த்துக்கொண்டிருந்தேன். இது அம்புறோசுக்குத் தெரியும். நான் ஒழுங்கையில் நின்றதும் அவனுக்குத் தெரியும். மெஷினில் இருந்து அவன் ரால்ஃபைக் கண்டபோது, ரால்ஃபுக்கு அப்பால் என்னையும் கண்டான்.

"சனம் முழுக்க வெளிக்கிட்டுட்டுது, யோசப்பின்" என்றான் அம்புறோஸ். "அண்ணையை ஏன் கரைச்சல் படுத்துறாய்?"

பிறகு என் பக்கம் திரும்பி, "நான் வைக்கேல்லை அண்ணை. நேரை போய்ச் சொல்லுவம். நீங்கள் வந்து மொழிபெயர்த்துத் தந்தால் காணும்" என்றான்.

வியாழக்கிழமை காலை ப்ரோக்மானின் கந்தோருக்கு மூவரும் போனோம். யோசப்பின் கோவிலுக்குப் போகிற சேலை உடுத்து மேலே தடித்த கோட்டுப் போட்டிருந்தாள். சுவரெல்லாம் காட்டுப்பன்றிக் குழுவின் படங்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் உடைந்த மட்டை ஒன்று. காரியதரிசியும் இருந்தார். எங்களுக்கு இரண்டு கதிரைதான் போட்டிருந்தது. நான் நின்றேன்.

ஜெர்மன் மொழியிலும் நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. ப்ரோக்மான் காரியதரிசிக்கு நீங்கள் என்றார். எங்களுக்கு நீ.

"கையெழுத்து வைத்துக் கொண்டுவந்தாயா?"

நான் தமிழில் சொன்னேன். அம்புறோஸ் தாளை மடிப்புக் கலையாமல் மேசையில் வைத்தான்.

"இல்லையெண்டு சொல்லுங்கோ, அண்ணை. விரிப்பு போட்டிருந்தனான். அவர் சொல்லித்தான் பேந்து எடுத்தனான். ரால்ஃப் மட்டையாலை அடிச்சதை மெஷினிலை இருந்து கண்டனான். அப்பிடியே சொல்லுங்கோ."

சொன்னேன். ரால்ஃப் என்ற பெயரைச் சொல்லும்போது என் குரல் தணிந்தது. யோசப்பின் உடனே, "கேக்கிறமாதிரிச் சொல்லுங்கோ அண்ணை" என்றாள். அவளுக்கு அவ்வளவு ஜெர்மன் தெரியும்.

ப்ரோக்மான் கோபப்படவில்லை. ஒரு பிள்ளையிடம் கேட்கிற மாதிரி கேட்டார். "சரி. நீ ஒன்றும் செய்யவில்லை. ஊவே உன் சொந்தமா?"

"இல்லை."

"சிநேகிதனா?"

"இல்லை."

"உன் குழுக்கூட இல்லை. எதிர்க்குழு. செய்யாத குற்றத்துக்கு ஒருவன் நாலு நாள் சூப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிலில் இருந்து அழுவானா? எந்த மனிதனாவது அப்படிச் செய்வானா? சொல்லு."

நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல அம்புறோசின் முகம் மாறிக்கொண்டு வந்தது. பழகிய இத்தனை வருடத்தில் அவன் ஒரு ஜெர்மன்காரனைப் பார்த்துக் குரல் உயர்த்தி நான் கண்டதில்லை. அன்று எழும்பி நின்றான்.

"நீங்கள் ஒருத்தரும் போகேல்லை" என்றான். "அதாலைதான் நான் போனனான். உங்கட களத்திலை விழுந்த ஆள். நீங்கள் போயிருந்தால் எனக்கு அங்கை என்ன வேலை? சொல்லுங்கோ அண்ணை, இவருக்கு."

ஒரு சொல் விடாமல் சொன்னேன். அந்த ஒரு நிமிடம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, நானே அதைச் சொல்கிறேன் என்பதுபோல. காரியதரிசி யன்னல் பக்கம் பார்த்தார். ப்ரோக்மானின் கழுத்து சிவந்துகொண்டு வந்தது.

அவர் அம்புறோசை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அன்று ஒழுங்கையில் பார்த்த அதே பார்வை.

"ரால்ஃப் அடித்ததைக் கண்டேன் என்கிறான். இது பெரிய குற்றச்சாட்டு. வேறு யாராவது கண்டார்களா? ஒரே ஒரு ஆள் இருந்தாலும் போதும், நான் லீக்குக்கு எழுதுகிறேன். கேள், குணா. அவனிடம் கேள்."

அவருக்குத் தெரியும். பெட்டியை உள்ளே வை என்று சொன்ன வாய் அது. கேட்கவேண்டிய ஆள் அம்புறோஸ் அல்ல, கேள்வியை மொழிபெயர்க்கிற நான்தான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த அயோக்கியத்தனத்தை இன்றைக்கும் என்னால் சீரணிக்க ஏலவில்லை. ஆனால் ஏலாதது அதுமட்டும் அல்ல. நான் கண்டேன் என்று ஜெர்மனில் சொல்ல மூன்று சொல் போதும். என் நாக்கில் அந்த மூன்றும் இருந்தன. நான் என்ன செய்தேன் என்றால், அம்புறோசின் பக்கம் திரும்பி, கேள்வியைத் தமிழில் கேட்டேன்.

"வேறை ஆரும் கண்டவையோ எண்டு கேக்கிறார். ஒரு ஆள் காணுமாம்."

யோசப்பினும் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அம்புறோஸ் என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இருந்திருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாகச் சாவேன். எனக்காக இரங்கினான், அவ்வளவுதான். கட்டிலில் கிடந்தவனையும் அப்படித்தான் பார்த்திருப்பான்.

"ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லுங்கோ, அண்ணை" என்றான்.

நான் அதை ஒரு பிசகும் இல்லாமல் ஜெர்மனில் சொன்னேன்.

ப்ரோக்மான் பேனையை மூடி வைத்தார். நிறுத்தற் கடிதம் ஏற்கெனவே தட்டச்சு அடித்துத் தயாராக இருந்தது, காரியதரிசி அதை எடுத்து நீட்டினார். அம்புறோஸ் வாங்கினான், கையெழுத்துப் போட அதில் இடமில்லை. அவர்களுக்கு அந்த விசா கிடைக்கவில்லை. டோர்ட்மண்டில் ஒரு தெரிந்தவர் வீட்டு அறையில் மூன்று பேரும் இன்னும் நாலு வருடம் டூல்டுங்கில் இழுபட்டார்கள். ரால்ஃப் அந்தப் பருவம் முழுக்க ஆடினான். என் மனைவியும் மகளும் பெப்ரவரியில் வந்து இறங்கினார்கள்.

கந்தோர்ப் படியால் இறங்கும்போது அம்புறோஸ் முன்னால் விறுவிறென்று போய்விட்டான். யோசப்பின் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னோடு மெல்ல இறங்கினாள். கீழ்ப்படியில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் கையைப் பிடித்தாள்.

"மெத்தப் பெரிய உபகாரம், அண்ணை. வேலை போனால் போகட்டும். உண்மையைச் சொல்லிப்போட்டம். நீங்கள் வந்திராட்டி எங்களுக்கு அங்கை வாயே இல்லை."

"அதுக்கென்ன, தங்கச்சி" என்றேன்.